மதுக்கிண்ணமும் இசைமேடையும்: ஐரோப்பியச் சாஸ்திரீய இசையின் சமூக வரலாற்றில் ஓர் அம்சம்

1

திராட்சை மதுவை மெல்லப் பருகியவாறு சாஸ்திரீய இசையைச் செவிமடுத்தல் இன்று உயர்ந்த ரசனையின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றது. பண்பட்ட மனிதன் ஒருவனைத் திரையிலோ விளம்பரத்திலோ காட்ட வேண்டுமாயின், அவன் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துப் பின்னணியில் மொசார்ட்டின் இசையை ஒலிக்கவிட்டாற் போதும். இவ்விரண்டும் இயல்பாகவே ஒன்றோடொன்று பொருந்துவன, என்றும் அமைதியாக இணைந்து வாழ்ந்தன என்ற எண்ணத்தை இக்காட்சி தோற்றுவிக்கின்றது. வரலாற்று நோக்கில் அணுகும்போது இவ்வெண்ணம் நிலைப்பதில்லை.

மது அருந்துமிடத்தில் இசை கேட்கப்பட்ட காலத்தில் அவ்விணைப்பு இசைஞனின் ஏவலாள் நிலையை உணர்த்துவதாகவே பெரும்பாலும் அமைந்தது. உணவு மேசையிலிருந்து இசை விடுபட்ட பின்னரே, இன்று நாம் சாஸ்திரீய இசை எனக் கூறுவது தனக்குரிய மண்டபத்தையும் மௌனத்தையும் பெற்றுக்கொண்டது. அந்த விடுதலையும் எல்லோருக்கும் உரியதாக அமைந்துவிடவில்லை. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் ஒஸ்திரியா, ஜேர்மன் நாடுகள், இங்கிலாந்து ஆகியவற்றில் நிகழ்ந்தவற்றைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க இக்கட்டுரை முயல்கின்றது.

மதுவும் பாடலும் ஒன்றுசேரும் இடத்திலே பாடுபவர் யார், பருகுபவர் யார் என்று கேட்பது தமிழிலக்கிய மாணவருக்குப் புதியதன்று. புறநானூற்றின் 235ஆம் பாடலிலே, இறந்துபட்ட அதியமானை எண்ணி இரங்கும் ஔவையார், கள் சிறிதாயின் அவன் அதனைத் தமக்கே தந்துவிடுவான் என்றும், பெரிதாயின் தாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்றும் நினைவுகூருகின்றார். 56ஆம் பாடலிலோ, யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பொற்கலத்திலே மகளிர் ஏந்திக் கொடுக்கப் பாண்டியன் நன்மாறன் பருகுகின்றான். புலவர் நக்கீரர் வாழ்த்துகின்றார். முன்னதிலே கள் பகிர்ந்து கொள்ளப்படுகின்றது. பின்னதிலே மது ஒருவனுக்கே உரியதாகின்றது. இவ்விரு காட்சிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சுவை பற்றியதன்று, உறவு பற்றியது. அதே வினாவை ஐரோப்பிய இசையின் வரலாற்றிடமும் நாம் எழுப்பலாம்.

2

18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரண்மனைகளில் விருந்துக்கென இசை இயற்றுதல் இழிவாகக் கருதப்படவில்லை. அது அங்கீகரிக்கப்பட்ட ஓர் இசைவகையாகவே விளங்கிற்று. ஹம்பேர்க் நகரிலே வாழ்ந்த டெலமன், 1733இல், 'மேசை இசை' என்னும் பெயரிலேயே ஒரு பெருந்தொகுதியை வெளியிட்டார். 200க்கு மேற்பட்டோர் முன்கூட்டியே பணங்கட்டி அதனைப் பெற்றனர். இலண்டனில் வாழ்ந்த ஹண்டலும் அவர்களுள் ஒருவர். இத்தொகுதியின் இசைத் தரத்தை இன்றும் ஆய்வாளர் மதிக்கின்றனர். எனவே விருந்திசை யாவும் தரங்குறைந்தது என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். இங்கு நமது அக்கறைக்குரியது இசையின் தரம் அன்று; அதனை வாசித்தவர் நின்ற இடமே.

1782இல் ஒஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் தமது அவையிலே எண்மர் கொண்ட காற்றுக்கருவிக் குழுவொன்றை அமைத்தார். ஓபோ, கிளரினெட், கொம்பு, பசூன் ஆகியவை இவ்விரண்டாக அதில் இடம்பெற்றன. வியன்னாப் பிரபுக்கள் பலர் இதனைப் பின்பற்றித் தாமும் இத்தகைய குழுக்களை வைத்துக்கொண்டனர். அக்காலத்திற் புகழ்பெற்ற இசைநாடகங்களின் பகுதிகளை இக்கருவிகளுக்கு ஏற்ப மாற்றியமைத்து, உணவு வேளையில் வாசிப்பது இவர்களது முக்கிய பணிகளுள் ஒன்றாகும்.

இவ்வழக்கத்தை மேடையிலேயே நமக்குக் காட்டும் படைப்பு ஒன்று உண்டு. 1787ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி பிராக் நகரில் அரங்கேறிய மொசார்ட்டின் 'டொன் ஜொவானி' இசைநாடகமே அது. அதன் இறுதிக் காட்சியிலே பிரபுவாகிய கதைத்தலைவன் தனியனாய் உணவருந்துகின்றான். காற்றுக்கருவிக் குழுவொன்று அவனுக்காக மேடையில் வாசிக்கின்றது. மார்ட்டின் இ சோலர், சார்ட்டி ஆகியோரின் இசைநாடகப் பகுதிகளைத் தொடர்ந்து மொசார்ட்டின் 'பிகாரோவின் திருமணம்' என்பதிலிருந்தும் ஒரு பகுதி ஒலிக்கின்றது. பிரபு மார்சமினோ என்னும் வட இத்தாலிய மதுவைப் புகழ்ந்து பருகுகின்றான். தான் செலவழிக்கும் பணத்துக்குத் தனக்கு இன்பம் கிடைக்க வேண்டும் என்பதே அவன் கூற்றின் சாரம். ஏவலாளன் லெபொரெல்லோ பசியோடு பார்த்து நிற்கின்றான். தட்டிலிருந்து ஒரு துண்டு இறைச்சியைத் திருடி வாயிலிட்டு அகப்பட்டுக் கொள்கின்றான். இரவும் பகலும் பிறருக்கு உழைத்துச் சலித்தேன், இனி நானும் கனவானாக வாழ விரும்புகின்றேன் என்று நாடகத்தின் தொடக்கத்திலே பாடியவனும் இவனே.

பருகுபவன் ஒருவன், பரிமாறுபவன் ஒருவன், வாசிப்பவர் பலர். வாசிப்பவருக்கு அக்காட்சியிலே ஒரு சொல்தானும் இல்லை. மதுவும் இசையும் இணைந்த சூழலின் சமூக அமைப்பை இதனிலும் சுருக்கமாக எடுத்துக்காட்டுதல் அரிது. இதனை எழுதிய இசைஞனே ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய வீடொன்றிலே ஏவலாளர் மேசையில் அமர்த்தப்பட்டிருந்தவன் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அதனைக் கூறுமுன் ஹைடனின் நிலையை நோக்குதல் பொருத்தமாகும்.

3

ஹங்கேரியின் பெரும் நிலப்பிரபுக் குடும்பமாகிய எஸ்டர்ஹாசி குடும்பத்தில் ஜோசப் ஹைடன் பணியேற்ற ஒப்பந்தம் 1761ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதிக்குரியது. ஆண்டுச் சம்பளம் 400 குல்டன். அதிகாரிகளின் மேசையில் உணவு, அல்லது அதற்கு ஈடாக நாளொன்றுக்கு அரைக் குல்டன். பிரபு விரும்பும் இசையை இயற்ற வேண்டும். அதனைப் பிறருக்குக் கொடுத்தலாகாது. அனுமதியின்றிப் பிறருக்கென இயற்றுதலும் ஆகாது. நண்பகலுக்கு முன்னும் பின்னும் முன்கூடத்திற்கு வந்து, இன்று இசை உண்டா எனப் பிரபுவின் கட்டளையை அறிந்து செல்ல வேண்டும். வெள்ளைக் காலுறையும் மாப்பூசிய தலையுமாகச் சீருடையில் தோன்ற வேண்டும். உண்பதிலும் குடிப்பதிலும் பேசுவதிலும் கண்ணியம் பேண வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தின் ஒரு விதியாகும். மேசையிற் குடிப்பவரின் ஒழுக்கத்தை வரையறுக்கும் ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை. அவருக்காக வாசிப்பவரின் ஒழுக்கமே எழுத்தில் வரையறுக்கப்பட்டது.

இசைஞரின் ஊதியத்தில் ஒரு பகுதி பொருளாகவும் வழங்கப்பட்டது. தானியம், விறகு ஆகியவற்றோடு மதுவும் அதில் அடங்கும். அந்த மது எங்கிருந்து வந்தது? எஸ்டர்ஹாசி குடும்பத்தின் இருப்பிடமான ஐசென்ஸ்டாட் நகரைச் சூழ்ந்த பகுதி திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போனது. ஹங்கேரியக் குடியானவரின் கடமைகளை வரையறுத்து மரியா தெரேசா அரசி 1767இல் வெளியிட்ட கட்டளையின்படி, முழு நிலப்பங்கு உடைய குடியானவன் ஆண்டுக்கு 52 நாள் தன் உழவு மாடுகளோடும், அல்லது 104 நாள் வெறுங்கையோடும் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். விளைவில் ஒன்பதில் ஒரு பங்கையும் செலுத்த வேண்டும். குடியானவனின் கட்டாய உழைப்பு 1848இலேயே சட்டப்படி ஒழிந்தது.

ஆகவே பிரபுவின் கிண்ணத்தை நிரப்பிய மதுவும் செவியை நிரப்பிய இசையும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. இரண்டும் அவரது ஆதிக்கத்துக்கு உட்பட்டோரின் உழைப்பின் விளைவுகள். ஹைடன் பண்ணையடிமை அல்லர். அவருக்குச் சம்பளம் இருந்தது, மதிப்பு இருந்தது. பிரபு நிக்கொலாஸ் இசையறிவு மிக்கவராகவும் இருந்தார். அந்த வேறுபாட்டை மறைத்தல் நேர்மையன்று. எனினும், தான் இயற்றியதைத் தானே பிறருக்கு வழங்க இயலாத நிலையில், அவரது ஆக்கம் பிரபுவின் நிலவறையிலிருந்த மதுவைப் போன்றே ஓர் உடைமையாயிற்று. 1772இல் அவர் இயற்றிய 'பிரியாவிடை' சிம்பனியிலே இசைஞர் ஒருவர் பின் ஒருவராக மெழுகுதிரியை அணைத்துவிட்டு வெளியேறும் முடிவு, குடும்பத்தைப் பிரிந்து நெடுநாள் கோடை அரண்மனையிலே தங்க நேர்ந்தோரின் முறையீடு என்று மரபுச் செய்தி கூறுகின்றது. வாய்திறந்து கேட்க இயலாததை வாத்தியத்தால் கேட்ட நிகழ்ச்சி அது. 1779இல் செய்யப்பட்ட புதிய ஒப்பந்தத்திலேதான் பிறருக்கென இயற்றலாகாது என்ற தடை நீங்கிற்று.

4

1781ஆம் ஆண்டு மார்ச் மாதம், சால்ஸ்பேர்க் பேராயர் கொலொரேடோவின் பரிவாரத்தோடு மொசார்ட் வியன்னா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. தந்தைக்கு எழுதிய கடிதத்திலே, பேராயரின் அந்தரங்கப் பணியாளர் இருவர் மேசையின் தலைப்பக்கத்தில் அமர்வதையும், தமக்குச் சமையற்காரருக்கு மேலான இடமாவது கிடைத்திருப்பதையும் கசப்பும் எள்ளலும் கலந்து குறிப்பிடுகின்றார். அவ்வாண்டு ஜூன் மாதம் அப்பணி முறிந்தது. பேராயரின் அதிகாரியான ஆர்கோ பிரபு அவரை உதைத்து வெளியேற்றினார் என்பதையும் மொசார்ட்டின் கடிதங்களே தெரிவிக்கின்றன. மேசையில் எவ்விடத்தில் அமர்வது என்பது இங்கு வெறும் ஆசாரப் பிரச்சினை அன்று. கலைஞன் யாருக்கு உரியவன் என்ற பிரச்சினை அது.

மேசையை விட்டெழுந்த மொசார்ட் எங்கே சென்றார்? இங்குதான் வரலாற்றின் முரண்நகையைக் காண்கின்றோம். பொது இசையரங்குக்கெனத் தனியான மண்டபம் அன்றைய வியன்னாவில் இருக்கவில்லை. 1785ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி தமது டி மைனர் பியானோ கொன்சேர்ட்டோவை அவர் முதன்முதலாக வாசித்த மெல்குரூபே, உணவகமும் நடனக்கூடமும் கொண்ட ஒரு கட்டடம். 1791ஆம் ஆண்டு மார்ச் 4ஆந் திகதி, தம் இறுதிப் பியானோக் கொன்சேர்ட்டோவை அவர் வாசித்தது உணவக உரிமையாளர் யானின் மண்டபத்திலாகும். அதே யான் நடத்திய அவுகார்ட்டன் பூங்கா உணவகத்தின் மண்டபத்திலேதான் 1803ஆம் ஆண்டு மே மாதம், காலை 8 மணிக்கு, பீத்தோவனும் பிரிஜ்டவரும் 'குரொயிற்சர்' சொனாட்டாவை முதன்முதலாக வாசித்தனர்.

அரண்மனையிலிருந்து வெளியேறிய இசைக்கு முதலில் அடைக்கலம் தந்தது மதுவும் உணவும் விற்ற வணிகனின் கூடமே என்பது இதனாற் புலனாகும். ஆயின் உறவு மாறிவிட்டது. பிரபுவின் வீட்டிலே மது அருந்துபவனே இசைஞனுக்கும் எசமானன். உணவகத்திலே கேட்போன் நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவன். இசைஞன் தன் வரவு செலவுக்குத் தானே பொறுப்பாளி. மொசார்ட்டின் சந்தாதாரரிலே பெரும்பாலோர் பிரபுக்களாகவே இருந்தனர் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் இப்போது கட்டளையிடுபவர் அல்லர், வாங்குபவர். நிலமானிய உறவின் இடத்தைச் சந்தை உறவு கைப்பற்றும் தறுவாயை இங்கே காண்கின்றோம். சந்தையும் இசைஞனைப் பட்டினி போடவல்லது. 1780களின் இறுதியாண்டுகளில் மொசார்ட் நண்பரிடம் கடன் கேட்டு எழுதிய கடிதங்கள் அதற்குச் சான்று.

5

ஜேர்மன் வணிக நகரமாகிய லைப்சிக்கிலே இம்மாற்றம் இன்னும் தெளிவாக நிகழ்ந்தது. 1729 முதல் ஜே. எஸ். பாக் நெறிப்படுத்திய மாணவர் இசைக்குழு, சிமர்மன் என்பவரின் கோப்பிக் கடையிலே வாசித்தது. 1743இல் நகர வணிகர் முன்னின்று 'பேரிசையரங்கு' என்னும் அமைப்பைத் தொடங்கினர். 16 இசைஞர் அதில் வாசித்தனர். அடுத்த ஆண்டிலே அது 'மூன்று அன்னங்கள்' என்னும் மதுவிடுதிக்கு இடம் மாறியது. 1781இல், துணிவணிகரின் கட்டடத்திலே இதற்கெனவே ஒரு மண்டபம் அமைக்கப்பட்டது. கட்டடத்தின் பெயரே இசைக்குழுவுக்கும் நிலைத்தது; அதுவே கெவண்ட்ஹவுஸ். உண்மையான மகிழ்ச்சி பாரதூரமானதொரு விடயம் என்னும் பொருள்பட ரோம ஞானி செனெக்காவின் வாசகம் ஒன்று அங்கே பொறிக்கப்பட்டது. மதுவிடுதியிலிருந்து அந்த வாசகம் வரையுள்ள தூரம் 37 ஆண்டுகள்.

இப்புதிய நோக்கைத் தம் வாழ்விலேயே வலியுறுத்தியவர் பீத்தோவன். பிரவுண் பிரபுவின் இல்லத்திலே அவரும் மாணவர் றீஸும் சேர்ந்து பியானோ வாசிக்கையில், இளம் பிரபு ஒருவர் உரக்கப் பேசிக்கொண்டிருக்கவே, இத்தகைய பன்றிகளுக்கு நான் வாசிப்பதில்லை என்று கூறி எழுந்துவிட்டார் என றீஸ் பதிவு செய்துள்ளார். ஹைடனின் ஒப்பந்தம் இசைஞனின் நடத்தையை வரையறுத்தது. 40 ஆண்டுகள் கழிந்த பின் இசைஞன் கேட்போனின் நடத்தையை வரையறுக்கின்றான். 1809இல் பிரபுக்கள் மூவர் அவருக்கு ஆண்டுக்கு 4000 புளோரின் வழங்க உடன்பட்டபோது, அவர் வியன்னாவில் தங்கியிருப்பதையே முதன்மையான நிபந்தனையாக்கினர். சீருடையும் முன்கூடமும் அதிலே இல்லை.

19ஆம் நூற்றாண்டு முழுவதும் இப்போக்கு வளர்ந்தது. இருக்கைகள் மேடையை நோக்கி வரிசையாயின. உணவும் மதுவும் படிப்படியாக மண்டபத்துக்கு வெளியே, இடைவேளைக்கு ஒதுக்கப்பட்டன. 1876இல் வாக்னர் பைரொயித் அரங்கிலே பார்வையாளர் பகுதியை இருளாக்கினார். ஒருவரையொருவர் பார்க்கவும் இடமின்றிப் போயிற்று. இம்மௌனம் வெறும் ஆசாரக் கெடுபிடி என எள்ளப்படுவதுண்டு. அதன் பின்னணியை அறிந்தோர் அவ்வாறு கூறத் தயங்குவர். இசைஞனின் உழைப்பு உணவுக்குத் துணைப்பொருள் அன்று, முழுக்கவனத்துக்கு உரியது என்னும் கோரிக்கையின் வெற்றியே அம்மௌனம். நீண்ட சிம்பனி ஒன்றின் கட்டுக்கோப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடரும் கேட்கும் முறை அதன்றி வளர்ந்திருக்க முடியாது.

6

ஆயினும் வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. மதுவை மண்டபத்திலிருந்து நீக்கிய அதே செயற்பாடு, மதுவிடுதியிற் கூடிய மக்களையும் நீக்கிற்று. 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப், திராட்சை பயிரிடுவோர் தாம் உற்பத்தி செய்த மதுவைத் தம் இல்லத்திலேயே விற்கலாம் எனக் கட்டளையிட்டார். வியன்னாவின் புறநகர்களிலே 'ஹொய்ரிகர்' எனப்படும் எளிய மதுச்சாலைகள் இதனாற் பெருகின. அங்கேயும் இசை இருந்தது. 1878இல் ஷ்ராமல் சகோதரர் அமைத்த குழு அச்சாலைகளிலே வயலினும் கித்தாரும் வாசித்துப் பெரும்புகழ் பெற்றது. பிராம்ஸ் போன்றோரும் அவர்களைப் பாராட்டினர். யோகான் ஸ்ட்ராவுஸ் 1869இல் இயற்றிய, மதுவையும் மாதரையும் பாடலையும் தலைப்பிலேயே கொண்ட நடன இசை இப்பண்பாட்டின் நகர்ப்புற வெளிப்பாடு. ஆனால் 'தீவிர இசை' வேறு, 'பொழுதுபோக்கு இசை' வேறு என்னும் பிரிவு இதற்குள் வேரூன்றிவிட்டது. 20ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் இசை உரிமைச் சங்கங்கள் வருவாய்ப் பங்கீட்டிலும் இப்பிரிவைப் புகுத்தின. மதுவுக்கு அருகே ஒலித்ததா, மௌனத்தின் நடுவே ஒலித்ததா என்பதே இசையின் தரத்துக்கு அளவுகோல் போலாயிற்று.

இலண்டன் அனுபவம் இதற்கு ஒரு மறுதலையாக அமைகின்றது. 1732இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட வொக்ஸ்ஹோல் பூங்காவிலே ஒரு சிலிங் கொடுத்து நுழைந்தோர் மதுவும் உணவும் உட்கொண்டவாறே ஹண்டலின் இசையைக் கேட்டனர்; 1738இல் அவரது சிலையும் அங்கே நிறுவப்பட்டது. இதற்கு மாறாக, ஹைடன் 1791இல் இலண்டன் வந்தபோது சலொமொன் நடத்திய 12 அரங்குகளுக்குக் கட்டணம் ஐந்து கினி, அதாவது 105 சிலிங். ஒரே நகரிலே இசை இரு விலைகளில் விற்கப்பட்டது. நூறாண்டுகளின் பின், 1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆந் திகதி, குவீன்ஸ் மண்டபத்திலே றொபேட் நியூமன் 'புரொம்ஸ்' அரங்குகளைத் தொடக்கினார். ஹென்றி வுட் இசையை நெறிப்படுத்தினார். நின்று கேட்போருக்குக் கட்டணம் ஒரு சிலிங். உண்ணலாம், குடிக்கலாம், புகைக்கலாம். பாடகர் பாடும்போது மட்டும் தீக்குச்சி உரசாதிருக்குமாறு வேண்டப்பட்டனர். எளிய இசையில் தொடங்கி மக்களைப் படிப்படியாக அரிய இசைக்கு அழைத்துச் செல்வதே நியூமனின் நோக்கம். பெருந்தொகையான சாதாரண மக்கள் வாக்னரையும் பீத்தோவனையும் அறிந்தது இவ்வழியிலாகும். கிண்ணம் எப்போதும் கலையின் பகை அன்று. அது எசமானின் கையில் இருந்தபோது ஒரு பொருளும், ஒரு சிலிங் கொடுத்து வந்த எழுதுவினைஞனின் கையில் இருந்தபோது வேறொரு பொருளும் தந்தது.

7

20ஆம் நூற்றாண்டிலே இசைத்தட்டு இவ்வரலாற்றில் புதிய திருப்பத்தை ஏற்படுத்திற்று. 1948இல் நீண்டநேர இசைத்தட்டு அறிமுகமானதும் முழுச் சிம்பனி ஒன்றை வீட்டிலிருந்தவாறே கேட்பது எளிதாயிற்று. கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய காட்சி, அதாவது தனித்திருந்து மது அருந்தியவாறு இசை கேட்கும் மனிதன், இதன் பின்னரே பரவலாயிற்று. டொன் ஜொவானியின் விருந்து இப்போது எல்லோருக்கும் எட்டுவதாகத் தோன்றுகின்றது. ஆனால் வாசிப்போர் காட்சியிலிருந்தே மறைந்துவிட்டனர்.

இவ்விணைப்பு இன்று எதனைச் சுட்டுகின்றது என்பதற்கு 1993இல் அமெரிக்காவில் அரேனி, கிம் என்னும் ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வொன்று சான்று பகரும். மதுக்கடை ஒன்றிலே சில நாட்கள் சாஸ்திரீய இசையையும் வேறு சில நாட்கள் அன்றைய பிரபல பாடல்களையும் ஒலிக்கவிட்டு அவர்கள் விற்பனையை அவதானித்தனர். சாஸ்திரீய இசை ஒலித்தபோது வாங்குவோர் கூடுதலான புட்டிகளை வாங்கவில்லை. கூடிய விலையுள்ள புட்டிகளை வாங்கினர். இசை இங்கே கேட்கப்படவில்லை. தான் யார் என்று வாங்குவோன் எண்ண விரும்புகின்றானோ அதனையே அது அவனுக்கு நினைவூட்டிற்று. ரசனை என்பது வர்க்க வேறுபாட்டைக் குறிக்கும் கருவியாகவும் இயங்குகின்றது என 1979இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியே நிறுவ முயன்றமை இங்கு நினைவுகூரத்தக்கது. விருந்துக்குத் துணையாக இருந்த இசை, விலைச்சீட்டுக்குத் துணையாகிவிட்டது.

இதனால் மது அருந்தியவாறு இசை கேட்பதைக் கண்டிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஔவை பாட அதியமான் மகிழ்ந்து உண்ட கள்ளில் இழிவெதுவும் இல்லை. ஒரு சிலிங் கொடுத்து நின்று கேட்டவனின் கிண்ணத்திலும் இல்லை. அவ்விரு இடங்களிலும் கிண்ணம் மனிதரை ஒன்றுசேர்த்தது. அது மனிதரைப் பிரித்த இடங்களையே நாம் அடையாளங்காண வேண்டும். ஒரு கலை தன் கலைஞனுக்கு மதிப்பையும், அதனைக் கேட்க விரும்பும் எளியவனுக்கு இடத்தையும் ஒருங்கே வழங்க வேண்டுமாயின், மௌன மண்டபமும் மதுவிடுதியும் தனித்தனியே அதற்குப் போதா என்பதையே இவ்வரலாறு காட்டுகின்றது. முன்னது கலைஞனை உயர்த்திற்று, மக்களை வெளியே நிறுத்திற்று. பின்னது மக்களை அழைத்தது, கலைஞனைப் பின்னணி ஒலியாக்கிற்று. இவ்விரு தேவைகளையும் இணைக்கும் முயற்சிகள் சிலவே. அவற்றின் வரலாறு இன்னும் விரிவாக ஆராயப்படவேண்டியதாகும்.